கவுன்சிலிங் கோர்ஸ்ல பாடம் எடுக்குற சாரே ஸ்டூடன்ட்டுக்கு 'பர்சனல் செஷன்' எடுக்கலாமா?

கேள்வி | ஜூன் 9, இரவு 10.40

நான் குவைத்துல வேல பாக்கேன். ஊரு மார்த்தாண்டம் பக்கம். எனக்க தங்கச்சி நாகர்கோவில்ல ஒரு சின்ன இன்ஸ்டிடியூட்ல கவுன்சிலிங் டிப்ளமோ படிக்கா. ஓனர், வாத்தியார், மார்க் போடுறது எல்லாமே ஒரே சார்தான். எல்லாப் பிள்ளைகளும் அவருகிட்ட பர்சனல் செஷன் இருக்கணுமாம், கிளாஸ் முடிஞ்சு சாயங்காலம் தனித்தனியா. சின்ன வயசுல நடந்தது, லவ், வீட்டுச் சண்டை எல்லாம் சொல்லணுமாம். சொல்லலன்னா 'உனக்கு ரெசிஸ்டன்ஸ், நீ கவுன்சிலர் ஆக மாட்டே'ன்னு சொல்லுகாராம். இப்ப ராத்திரி வாட்ஸ்அப்புல 'இன்னைக்கு மனசு எப்படி இருக்கு'ன்னு மெசேஜ் வேற. அம்மைகிட்ட சொல்ல பயப்படுகா. இது ட்ரெய்னிங்ல உள்ளதுதானா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஜூன் 9, இரவு 11.25

இல்ல தம்பி. ட்ரெய்னிங்ல உள்ளது இல்ல. தங்கச்சிகிட்ட முதல்ல ஒண்ணு சொல்லுங்க, அந்த மெசேஜ் எதையும் அழிக்க வேண்டாம். மத்தத நாளைக்கு எழுதுறேன்.

ஜூன் 10, காலை 6.15

தூங்க முடியல, அதான் காலைலயே உக்காந்துட்டேன். நான் ஸ்கூல் கவுன்சிலரா இருந்து, இப்ப கவுன்சிலிங் படிக்கிற பிள்ளைகளுக்கு சூப்பர்விஷன் பாக்குறேன், அதாவது அவங்க எடுக்குற கேஸ கேட்டு வழிநடத்துற வேல, அதனால இதுல எனக்கு சொல்றதுக்கு நிறைய இருக்கு.

கவுன்சிலர் ஆகப்போறவங்க தாங்களும் ஒருத்தர்கிட்ட கிளையன்ட்டா உக்காந்து பாக்குறது நல்ல விஷயம்தான். எதிர்ல உள்ள சேர்ல உக்காந்து வாய் தொறக்க எவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் இன்னொருத்தர அவசரப்படுத்தாம காத்திருக்கத் தெரியும். ஆனா அந்த ஒருத்தர் மார்க் போடுறவரா இருக்கக் கூடாது. அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் ஒழுக்க விதில 7.05னு ஒரு பகுதியே இதுக்காக இருக்கு. கோர்ஸ்ல தெரபி கட்டாயம்னா வெளில உள்ள ஒருத்தர மாணவர் தேர்ந்தெடுக்க வழி இருக்கணும், அந்த மாணவர மதிப்பிட வாய்ப்புள்ள ஆசிரியர் அந்த தெரபிய கொடுக்கக் கூடாது. அதுக்கு முந்தின 7.04, பாலியல் விஷயம், சின்ன வயசுல நடந்த கொடுமை, வீட்டு உறவு, தான் எடுத்த சிகிச்சை இதெல்லாம் சொல்லியே ஆகணும்னு மாணவர கட்டாயப்படுத்தக் கூடாதுங்குது. விதிவிலக்கு ரெண்டே ரெண்டுதான். ஒண்ணு, அப்படிக் கேப்போம்னு சேரும்போதே அட்மிஷன் பேப்பர்ல தெளிவா எழுதியிருக்கணும். இல்லன்னா, அந்த மாணவரோட சொந்தப் பிரச்சன படிப்பையோ மத்தவங்களையோ பாதிக்குதுன்னு நியாயமா தோணி, அவருக்கு உதவவோ மதிப்பிடவோ அந்தத் தகவல் தேவைப்படணும். அமெரிக்கா விதி நம்ம ஊர்ல செல்லாதுதான். ஆனா அத எழுதினதுக்கான காரணம் நாகர்கோவிலுக்கும் பொருந்தும். மனசுல உள்ள ரகசியமும் கைக்கு வரப்போற சர்டிபிகேட்டும் ஒரே ஆள்கிட்ட இருந்தா அந்தப் பிள்ள எப்படி 'வேண்டாம் சார்'னு சொல்லும்?

ஜூன் 10, மதியம்

ஒருத்தர் கேட்டிருக்கார், 'ரெசிஸ்டன்ஸ்ங்குறது உள்ளதுதானே, புத்தகத்துலயே இருக்கே'ன்னு. இருக்கு. கிளையன்ட் ஒரு விஷயத்துக்குப் பக்கத்துல வந்து வந்து விலகிப் போறத நாங்களும் பாக்குறோம்தான். ஆனா அதப் பாத்து நாங்க செய்யுறது வேகத்தக் குறைக்கிறது. ஏன் விலகுறாங்கன்னு அவங்களோட சேந்து யோசிப்போம், இன்னைக்கு வேண்டாம்னா விட்டுருவோம். அந்த வார்த்தைய வெச்சு ஒருத்தர பேச வைக்கிறது மிரட்டல். ஒரு பொண்ணு வேண்டாம்னு சொன்னா அதுக்கு வேண்டாம்னுதான் அர்த்தம், அதுல நோய் தேட வேண்டியதில்ல.

ஜூன் 11

தம்பி தனியா அனுப்பின செய்தி பாத்தேன், விவரம் இங்க போடல. ஒண்ணு மட்டும் பொதுவா எல்லாருக்குமே சொல்லணும். இந்த மாதிரி சம்பவம் எதுவும் முதல் நாளே தொடுறதுல ஆரம்பிக்காது. குத்ஹெயில், கப்பார்ட்னு ரெண்டு மனநல டாக்டர்கள் 1993ல எழுதின கட்டுரைல இத நல்லா பிரிச்சுக் காட்டுறாங்க, கவுன்சிலருக்கும் கிளையன்ட்டுக்கும் நடுவுல உள்ள எல்லைய சும்மா தாண்டுறது வேற, மீறி கெடுதி செய்யுறது வேற, ஆனா பல சமயம் முதலாவதுல இருந்துதான் ரெண்டாவதுக்கு வழி போகுது. நான் சூப்பர்விஷன்ல கவனிக்கிறதும் அந்தச் சின்னச் சின்ன விஷயங்களத்தான். ஒரு கிளையன்ட்டுக்கு மட்டும் எப்பவும் கடைசி நேரம், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு. 50 நிமிஷ செஷன் அவங்களுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம். ஃபீஸ் வேண்டாம்னு சொல்றது. பிறகு கவுன்சிலர் தன்னோட வீட்டுக் கதைய, பொண்டாட்டி தன்ன புரிஞ்சிக்கல்லங்குறத சொல்ல ஆரம்பிக்கிறது. பிறகு ராத்திரி மெசேஜ். தனித்தனியா பாத்தா எல்லாத்துக்குமே ஒரு சமாதானம் இருக்கும், 'பாவம் தூரத்துல இருந்து வருது, அதான் கடைசி நேரம் கொடுத்தேன்'னு. சேத்து வெச்சுப் பாத்தாத்தான் அது எங்க போகுதுன்னு தெரியும். அதுக்குத்தான் இன்னொரு ஜோடிக் கண்ணு வேணுங்குறோம். அந்த சார் தங்கச்சிக்கு செய்யுறது இந்த வரிசைல ஏற்கனவே பாதி தூரம் வந்தாச்சு.

ஜூன் 11, இரவு

நான் 'பாதி தூரம்'னு எழுதினது கொஞ்சம் அதிகமோன்னு ஒரு அக்கா கேட்டாங்க. ஒரு மனுஷன் பேர கெடுக்குறோமேன்னு அவங்களுக்கு வருத்தம். யோசிச்சுப் பாத்தேன். அந்த ஆளோட மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவர் நல்லவராவே இருக்கட்டும். மார்க் போடுறவரு தெரபி கொடுக்குறதும், கதவ சாத்தி சாயங்காலம் தனியா உக்கார வைக்கிறதும், ராத்திரி மெசேஜும் நல்லவரு செஞ்சாலும் நிறுத்த வேண்டியதுதான். ஆள் நல்லவரான்னு பாத்து சேர்றது ஒரு பாதுகாப்பே இல்ல. இந்த வேலைல தப்பு செஞ்சு மாட்டினவங்க நிறைய பேரு ஊர்ல நல்ல பேரு உள்ளவங்கதான்.

ஜூன் 13

'கிளையன்ட்டோட வெளில எந்தப் பழக்கமும் இருக்கக் கூடாதுன்னா நம்ம மாவட்டத்துல எவரும் இந்த வேல பாக்க முடியாதே'ன்னு ஒரு கேள்வி வந்திருக்கு. நியாயமான கேள்வி. மெட்ராஸ்ல கிளையன்ட் கதவத் தாண்டினா கூட்டத்துல மறைஞ்சிருவாங்க. இங்க அப்படியா? காலைல என் முன்னாடி அழுத அம்மா சாயங்காலம் வடசேரி பஸ் ஸ்டாண்டுல என் பக்கத்துலயே நிப்பாங்க. ஞாயித்துக்கிழமை கோயில்ல எனக்கு முன் பெஞ்ச்ல இருப்பாங்க. கல்யாண வீட்டுப் பந்தில எதிர் இலைல உக்காந்திருப்பாங்க, பக்கத்துல இருக்குற சொந்தக்காரி 'டீச்சர எப்படித் தெரியும்'னு கேப்பா. அதனால முதல் செஷன்லயே பேசிருவேன், 'வெளில பாத்தா நானா வந்து பேச மாட்டேன், நீங்க சிரிச்சா நானும் சிரிப்பேன், நீங்க முகத்த திருப்பினா தப்பா எடுக்க மாட்டேன், யாராவது கேட்டா என்ன சொல்லணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க'ன்னு. இத சொன்னதும் நிறைய பேரோட தோள் கொஞ்சம் இறங்குறத பாத்திருக்கேன், அவங்க பயமே இதுதான்.

ஆனா எனக்க அக்கா பிள்ளைக்கோ, என் வீட்டுக்காரரோட கூட வேல பாக்குறவருக்கோ நான் செஷன் எடுக்க மாட்டேன். அத இன்னொருத்தர்கிட்ட அனுப்பிருவேன், கோவிச்சாலும் சரி.

கிளையன்ட் பரிசு கொண்டு வந்தா வாங்கலாமான்னும் கேட்டிருந்தீங்க. குளச்சல் பக்கம் வேல பாத்தப்ப ஒரு பாட்டி பேரனக் கூட்டிட்டு வரும்போதெல்லாம் மீன் கொண்டு வருவாங்க. ஒரு தடவ நெய்மீன், வாழையிலைல பொதிஞ்சு, பைய தொறக்கும்போதே ரூம் எல்லாம் மணம். 'வேண்டாம் பாட்டி'ன்னா அவங்க மனசு எப்படி ஆகும்? அந்த மீன வாங்கி அங்க ஸ்டாஃபுக்கு எல்லாம் பங்கு வெச்சோம், பாட்டி முன்னாடியே, நோட்லயும் எழுதினேன். அடுத்த தடவ 'பேரன் ஒழுங்கா வந்தாலே எனக்கு போதும்'னு சொன்னேன், அவங்களும் புரிஞ்சுகிட்டாங்க. மீன் வாங்குனா தப்பு, வாங்கலன்னா சரின்னு நான் பாக்குறதில்ல. அத யாருக்கும் தெரியாம வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேனா, அந்த மீனால பேரனோட செஷன்ல நான் ஒரு கேள்விய கேக்காம விடுறேனா, அதத்தான் பாக்கணும்.

தங்க மோதிரம், பணம், நிலம் வாங்க உதவி, பையனுக்கு கல்ஃப்ல விசா, இந்தப் பேச்சே வேண்டாம்.

ஜூன் 14

'கவுன்சிலர் எல்லாரும் ஆர்சிஐல பதிஞ்சிருக்கணும், அங்க புகார் கொடுத்தா லைசன்ஸ் போயிரும்'னு ஒருத்தர் உறுதியா எழுதியிருக்கார். அது சரியில்ல. ஆர்சிஐன்னா ரிஹாபிலிடேஷன் கவுன்சில் ஆஃப் இந்தியா, அதோட 1992 சட்டப்படி பதிய வேண்டியது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் மாதிரி சில பிரிவுகள்தான். பதியாம அந்தப் பேர்ல தொழில் பண்ணா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரை அபராதம், இல்ல ரெண்டும். ஆனா ஆறு மாச டிப்ளமோ முடிச்சு 'கவுன்சிலர்'னு போர்டு மாட்டுறவர அந்த ரெஜிஸ்டர்ல தேடினா கிடைக்க மாட்டார். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துல 'மனநல வல்லுநர்'னு சொல்றதும் சைக்கியாட்ரிஸ்ட், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சைக்கியாட்ரிக் சோஷியல் வொர்க்கர், மனநல நர்ஸ், சித்தா ஆயுர்வேதா யுனானி ஹோமியோ இதுல மனநலம் மேற்படிப்பு படிச்ச டாக்டர்கள், இவங்களத்தான். சும்மா கவுன்சிலர் அதுல வரல. 2021ல வந்த அலைட் அண்ட் ஹெல்த்கேர் புரொஃபஷன்ஸ் சட்டத்தோட அட்டவணைலதான் சைக்காலஜிஸ்ட், சில வகை கவுன்சிலர், சோஷியல் வொர்க்கர் எல்லாம் பேரோட வருது, மாநிலத்துக்கு ஒரு கவுன்சில், ரெஜிஸ்டர்னு வழி வெச்சிருக்கு.

இது வேலைக்கு வர பிள்ளைகளுக்கும் தெரியல, சிகிச்சைக்கு வர ஜனங்களுக்கும் தெரியல. சுவர்ல பிரேம் போட்ட சர்டிபிகேட் நாலு தொங்குனா போதும்னு நினைக்கிறாங்க. ஒரு டாக்டர் தப்பு பண்ணா மெடிக்கல் கவுன்சில், வக்கீல்னா பார் கவுன்சில். கவுன்சிலர் தப்பு பண்ணா எந்தக் கதவத் தட்டணும்னு இன்னைக்கும் நாம தேடிட்டு நிக்கிறோம், அதுலதான் எனக்கு ஆத்திரம் வருது.

ஜூன் 15

கதவு ஒண்ணுமே இல்லன்னு தம்பி பயந்துட்டார், அதனால இத உடனே எழுதுறேன். தொழில் கவுன்சில் இல்லன்னாலும் சட்டம் இருக்கு.

2013 பணியிட பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வேலைக்கு இருக்குற பெண்களுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. பாதிக்கப்பட்ட பொண்ணு அங்க வேல பாக்கணும்னே இல்லன்னு சட்டமே சொல்லுது, கல்வி, தொழிற்பயிற்சி கொடுக்குற தனியார் இடமும் அதுல வருது. பத்து பேருக்குக் கீழ வேல பாக்குற இடம், இல்லன்னா முதலாளி மேலயே புகார், இந்த ரெண்டுக்கும் மாவட்ட அளவுல உள்ளூர் புகார் குழு உண்டு. நாகர்கோவில் கலெக்டர் ஆபீஸ்ல சமூகநலத் துறைல கேட்டா வழி சொல்லுவாங்க. எழுத்துல கொடுக்கணும், கடைசி சம்பவத்துல இருந்து மூணு மாசத்துக்குள்ள, தகுந்த காரணம் இருந்தா இன்னும் மூணு மாசம் கூட்டித் தருவாங்க. புகார் கொடுத்தவ பேர வெளியிடக் கூடாது. தொட்டாத்தான் புகார்னு இல்ல, விருப்பமில்லாத பாலியல் பேச்சும் மெசேஜும் அதுல வரும். காலேஜ்னா யுஜிசி 2015 விதிமுறைப்படி உள்ளக புகார் குழு இருக்கணும், அதுல மாணவிகளும் புகார் கொடுக்கலாம்.

இதத் தாண்டிப் போச்சுன்னா போலீஸ். அதிகாரத்தையோ நம்பிக்கைப் பொறுப்பு உறவையோ பயன்படுத்தி ஒரு பொண்ண உடலுறவுக்கு இணங்க வெச்சா அது பாரதிய நியாய சன்ஹிதா 68வது பிரிவுல அஞ்சுல இருந்து பத்து வருஷம். 'அவளும் சம்மதிச்சா'ங்குற பேச்சு அங்க காப்பாத்தாதுங்குறதுக்காகவே எழுதின பிரிவு அது. வக்கீல் ஒருத்தர வெச்சுப் பேசுங்க. பேசவே பயமா இருந்தா பெண்கள் உதவி எண் 181க்கு அடிச்சா போதும், முதல் அடி அங்க இருந்து எடுக்கலாம்.

ஜூன் 17

கொஞ்சம் வேற பக்கம் போறேன், ஆனா சம்பந்தம் உண்டு. ட்ரெய்னிங்ல இருக்குற பிள்ளைகளுக்கு நடக்குறத மட்டும் பேசிட்டிருக்கோம், அந்தப் பிள்ளைகளால மத்தவங்களுக்கு நடக்குறதையும் பேசணும்.

2017 நவம்பர் கடைசில ஓகி புயல் அடிச்ச பிறகு தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம் வீட்டுக்கு வீடு ஆள் திரும்பல. அந்த நேரம் எங்க இருந்தெல்லாமோ 'கவுன்சிலிங் டீம்' வந்தாங்க. நல்ல டீமும் வந்துச்சு, மறுக்கல. ஆனா ஒரு வீட்டுல நான் கண்ணால பாத்தது, ஒரு கோர்ஸ்ல இருந்து வந்த நாலு பிள்ளைகள், வயசு இருபது இருக்கும், கைல ஃபார்ம். புருஷன் கடல்ல போன பொண்ணுகிட்ட 'கடைசியா அவரு என்ன சொன்னாரு, அத நினைச்சா எப்படி இருக்கு'ன்னு வரிசையா கேக்குறாங்க. முந்தின நாள் இன்னொரு டீம் அதே கேள்விய கேட்டுப் போயிருக்கு. அந்த அக்கா பதில் சொல்லிட்டே கைல இருந்த அவரோட ஆதார் கார்டு ஜெராக்ஸ சின்னச் சின்னதா மடிச்சிட்டு இருந்தாங்க, ஆபீஸ் ஆபீஸா அலைய எடுத்து வெச்சது. ஒரு பையன் போட்டோ எடுத்தான், ரிப்போர்ட்டுக்காம். மாமியார்காரி வாசல்ல இருந்து 'மக்களே, போதும், போங்க'ன்னாங்க.

அந்தப் பிள்ளைகள நான் குறை சொல்ல மாட்டேன், கோர்ஸ்ல காட்ட வேண்டிய பயிற்சி மணிக்கணக்கு நிரப்ப அனுப்பி வெச்சிருக்காங்க, கூட ஒரு பெரியவங்க இல்ல. பெரிய துக்கம் நடந்த கையோட நடந்தத எல்லாம் ஒரே உட்கார்ல சொல்ல வைக்கிற முறைய உலக சுகாதார நிறுவனமே வேண்டாம்னு சொல்லிடுச்சு. 2011ல அவங்க கொண்டு வந்த உளவியல் முதலுதவிக் கையேட்டுல, பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே, என்ன தேவைன்னு கேளு, சொந்தக்காரங்களோட சேத்து விடு, சும்மா பக்கத்துல இருன்னுதான் இருக்கு. தெரியாத வேலைய செய்யுறதும் ஒழுக்கக் கேடுதான், கெட்ட எண்ணம் இருக்கணும்னு அவசியம் இல்ல.

ஜூன் 18

ஓகி பத்தி எழுதினதப் பாத்து ஒரு ட்ரெய்னி கேட்டாங்க, 'அப்ப கேஸ் பிரசென்டேஷன்ல பேர மாத்திட்டா ரகசியம் காத்த மாதிரிதானே மேடம்'. இந்த மாவட்டத்துல இல்லம்மா. 'திருமதி எக்ஸ், கடலோர ஊர், மூணு பெண் பிள்ளைகள், மூத்தவ மஸ்கட்ல நர்ஸ், அண்ணன் சாமியார்'னு ஒருத்தி வாசிச்சா, கேட்டுட்டு இருந்த பதினஞ்சு பேர்ல மூணு பேருக்கு அது எந்த வீடுன்னு தெரிஞ்சு போச்சு, முகத்துலயே தெரிஞ்சுது, நான் அங்கேயே நிறுத்திட்டேன். ஊர மலையோரம் ஆக்குங்க, மீன்பிடிய ரப்பர் பால் வெட்டா ஆக்குங்க, பிள்ளைகள் எண்ணிக்கைய மாத்துங்க. பிரச்சனைக்குத் தேவையில்லாத எல்லாத்தையும் எடுத்துருங்க. அப்படியும் அடையாளம் தெரியும்னா அந்த கேஸ குரூப்ல கொண்டு வராதீங்க, சூப்பர்வைசர்கிட்ட தனியா பேசுங்க.

ஜூன் 18, இரவு

சர்ச்சுல ஃபாதர்கிட்ட செஞ்ச பாவத்தச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்றதும் கவுன்சிலிங்கும் ஒண்ணுதானேன்னு ஒரு கேள்வி. ரகசியத்துல பெரிய வித்தியாசம் இருக்கு. கத்தோலிக்க சபைல அந்த ரகசியத்துக்கு விதிவிலக்கே கிடையாது. எங்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்துன்னா சொல்லியாகணும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு பாலியல் கொடுமை நடந்தது தெரிஞ்சா போக்சோ 19வது பிரிவுப்படி போலீஸுக்கோ சிறப்புச் சிறார் பிரிவுக்கோ சொல்லியே ஆகணும், சொல்லலன்னா 21வது பிரிவுல ஆறு மாசம் வரை தண்டனை. இத பிள்ள பேசின பிறகு சொல்லக் கூடாது. முதல்லயே, அதுக்குப் புரியுற மாதிரி, 'உன்ன யாராவது கஷ்டப்படுத்துறாங்கன்னு தெரிஞ்சா நான் உன்ன காப்பாத்த வேற ஆளுங்ககிட்ட சொல்ல வேண்டியிருக்கும், உங்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்'னு சொல்லிடணும். ஸ்கூல்ல ஹெச்எம் 'ஸ்கூல் பேரு போயிரும், வெளில விடாதீங்க'ன்னு சொன்னா அது உங்கள காப்பாத்தாது, நிறுவனத் தலைமைக்கு தண்டனை இன்னும் கூட. குழந்தைகள் உதவி எண் 1098க்கு அடிங்க.

ஜூன் 20

ஒரு தம்பி, கவுன்சிலிங் படிக்கிறவர், வருத்தமா எழுதியிருக்கார், 'ஆம்பளைன்னாலே சந்தேகப்படுறீங்க, நாங்க எப்படி இந்தத் தொழிலுக்கு வர்றது'. வாங்க தம்பி, ஆம்பள கவுன்சிலர் இங்க ரொம்பத் தேவை, குடிப்பிரச்சனையோட வர அண்ணாச்சிமாருக்கும் பதினஞ்சு வயசுப் பையன்களுக்கும் ஆள் இல்ல. இந்த விதி எல்லாம் எனக்கும்தான். பொம்பள கவுன்சிலர் எல்லை மீறினதும் உண்டு. எனக்க ரூம் கதவுல கண் மட்டத்துல ஒரு கண்ணாடி இருக்கு, பேசுறது வெளில கேக்காது, ஆனா ஆள் தெரியும். கிளையன்ட் சேர் கதவுக்குப் பக்கம், எழுந்து போகணும்னா என்னத் தாண்ட வேண்டாம். ஃபோன் நம்பர் ஆபீஸ் நம்பர் மட்டும், சாயங்காலம் ஆறுக்கு மேல ஆஃப், ராத்திரி அவசரம்னா அரசோட மனநல உதவி எண் டெலிமானஸ் 14416னு கார்டுல அச்சடிச்சிருக்கு. நானும் மாசாமாசம் என்ன விட மூத்தவங்ககிட்ட போய் உக்காந்து 'இந்த கேஸ்ல எனக்கு மனசு இழுக்குது, இந்த ஆளப் பாத்தா எரிச்சல் வருது'ன்னு சொல்லுவேன். கிளையன்ட் மேல கவுன்சிலருக்கு விருப்பம் வர்றது நடக்குற காரியம்தான், அத வெளில சொல்ல ஒரு இடம் இருந்தா அது செயலுக்குப் போகாது. அந்த நாகர்கோவில் சாருக்கு அப்படி ஒரு இடம் இருந்துச்சான்னு நான் நினைச்சுப் பாத்துட்டே இருக்கேன்.

செஷன் எல்லாம் முடிஞ்ச பிறகு கிளையன்ட்டோட காதல், உடலுறவுன்னு பழகலாமான்னும் கேட்டிருந்தீங்க. அமெரிக்கன் சைக்கலாஜிக்கல் அசோசியேஷன் விதில குறைஞ்சது ரெண்டு வருஷம் ஆகணும், அதுக்குப் பிறகும் கவுன்சிலர்தான் கெடுதி இல்லன்னு நிரூபிக்கணும். அமெரிக்கன் கவுன்சிலிங் அசோசியேஷன் அஞ்சு வருஷம்ங்குது. என்னக் கேட்டா எப்பவுமே வேண்டாம், நம்ம ஊர்ல அந்தக் கிளையன்ட் ஆறு வருஷம் கழிச்சும் திரும்ப வருவாங்க, அப்ப போக அவங்களுக்கு ஒரு இடம் வேணும்.

ஜூன் 27

தம்பிகிட்ட இருந்து செய்தி, போடலாம்னு அனுமதி கொடுத்தார். தங்கச்சி அம்மைகிட்ட சொல்லிட்டா. அம்மை திட்டல, 'ஏன் மக்களே இவ்வளவு நாள் ஒத்தைக்கு சுமந்தே'ன்னு கேட்டாங்களாம். கூடப் படிக்கிற இன்னும் ரெண்டு பேருக்கும் அதே மாதிரி மெசேஜ் வந்திருக்கு, மூணு பேரும் சேந்து தேதி வாரியா எழுதி, ஸ்கிரீன்ஷாட் வெச்சு, உள்ளூர் புகார் குழுவுக்கு கொடுத்திருக்காங்க. ரசீது வாங்கியாச்சு. கட்டின ஃபீஸ அந்த ஆள் திருப்பித் தர மாட்டேங்குறார், அதுக்கு நுகர்வோர் கோர்ட் பக்கம் ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டிருக்காங்க.

தங்கச்சி இந்தப் படிப்ப விடலன்னு சொல்றா. அதனால அவளுக்கு, அடுத்த இடத்துல சேரும் முன்ன அட்மிஷன் மேசைலயே கேளும்மா: சூப்பர்வைசர் யாரு, அவரு மார்க் போடுறவரா, பர்சனல் தெரபி வெளில எடுக்கலாமா, புகார்னா யார்கிட்ட கொடுக்கணும், அது எழுத்துல இருக்கா. எல்லாத்துக்கும் பதில் பேப்பர்ல காட்டலன்னா ஃபீஸ் கட்டாதே. வேணும்னா நானும் கூட வரேன், வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்கு ஒழிவுதான்.